மோட்டார் காரும் பத்திரிகை நட்பும்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் கைரிக்‌ஷாவும் ஓடிக்கொண்டிருந்த சிங்கப்பூர்ச் சாலைகளில் புதிய வண்டி ஒன்று தோன்றியது. அதை இழுக்கக் குதிரை இல்லை, மாடும் இல்லை. ‘கேட்ஸ் பிரதர்ஸ்’ என்ற வணிக நிறுவனம் ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்த பென்ஸ் கார் அது. சிங்கப்பூருக்கு வந்த முதல் கார்களில் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தவர் கவர்னர் அல்லர். பெரிய தோட்ட முதலாளியும் அல்லர். பத்திரிகையிலும் வரலாற்றிலும் ஊறிய ஒரு வழக்கறிஞர். அவர் பெயர் சார்லஸ் பர்ட்டன் பக்லி.

அந்தக் கார் ஓடும்போது காபிக்கொட்டை அரைப்பதுபோல் சத்தம் எழுமாம். அதனால் அதற்கு ‘காபி மெஷின்’ என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. நூற்றாண்டைத் தாண்டியும் இந்தச் சிறு செய்தி மறையவில்லை. ஒரு காரின் சத்தம்கூட வரலாற்றில் எப்படி இடம்பிடித்தது? காரணம் எளியது. கார் வைத்திருந்தவருக்கு எழுதத் தெரிந்த நண்பர்கள் இருந்தார்கள்.

பத்திரிகை பெற்றெடுத்த பந்தயம்

காரும் பத்திரிகையும் உலகெங்கும் கூடிப் பிறந்த பிள்ளைகள் என்றே சொல்லலாம். 1894ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி பாரிசிலிருந்து ரூவான் நகருக்குக் குதிரையில்லா வண்டிகளின் போட்டி நடந்தது. கார்ப் பந்தய வரலாற்றின் தொடக்கம் என்று கருதப்படும் அந்தப் போட்டியை நடத்தியது கார் நிறுவனம் அன்று. ‘லெ பெட்டி ஜூர்னால்’ என்ற பாரிஸ் நாளேடு. அதன் பின்னணியில் இருந்தவர் பியர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர். முதலில் வந்து சேர்ந்தவர் டி டியோன் பிரபு. ஆனால், அவருடைய நீராவி வண்டிக்கு அடுப்பில் எரிபொருள் போட இன்னோர் ஆள் வேண்டியிருந்தது. அதனால் முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பேஜோ நிறுவனமும் பனார் லெவசோர் நிறுவனமும் அதைப் பகிர்ந்துகொண்டன.

பிறகு ஜிஃபார் ‘லெ வெலோ’ என்ற விளையாட்டு நாளேட்டின் ஆசிரியரானார். அந்த நேரத்தில் பிரான்ஸ் நாட்டையே இரண்டாகப் பிளந்தது டிரேஃபஸ் வழக்கு. ராணுவ அதிகாரி டிரேஃபஸ் குற்றமற்றவர் என்ற பக்கம் ஜிஃபார் நின்றார். டி டியோன் எதிர்ப்பக்கம். கார், மிதிவண்டி, டயர் தொழிலதிபர்கள் சிலர் டி டியோனுடன் சேர்ந்து 1900இல் போட்டிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னாளில் ‘லோட்டோ’ என்று பெயர் பெற்ற அந்த நாளேட்டுக்கு ஹென்றி டெகிராஞ்ச் ஆசிரியர். பத்திரிகை விற்பனையைப் பெருக்குவதற்காக 1903இல் அது தொடங்கிய மிதிவண்டிப் பந்தயம்தான் இன்றும் நடைபெறும் ‘டூர் டி பிரான்ஸ்’. இரண்டு பேரின் பகை, உலகப் புகழ்பெற்ற ஒரு பந்தயத்துக்கு வழிவிட்டது!

இங்கிலாந்தில் நடந்தது வேறு கதை. 1895ஆம் ஆண்டு நவம்பரில் கவென்ட்ரி நகரில் ‘தி ஆட்டோகார்’ என்ற வார இதழ் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஹென்றி ஸ்டர்மி. அந்த நாட்டின் முன்னோடிக் கார்த் தொழில் முதலீட்டாளர் ஹாரி லாசன் அவருடைய கூட்டாளி. லாசன் உருவாக்கிய டெய்ம்லர் நிறுவனத்தில் ஸ்டர்மி இயக்குநராகவும் இருந்தார். 1897இல் ஸ்காட்லாந்தின் வடகோடியிலிருந்து இங்கிலாந்தின் தென்கோடி வரை டெய்ம்லர் கார் ஓட்டிச் சென்று, அந்தப் பயணத்தைப் பற்றி எழுதினார். காரைப் பற்றி எழுதுபவரே கார் நிறுவனத்தின் இயக்குநர் என்றால், குறையைச் சொல்வது யார்?

நட்பைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளாத வள்ளுவர், நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்றும் தனித்தனி அதிகாரங்கள் வைத்தார். அந்த ஆராய்ச்சி பத்திரிகை உலகத்துக்கும் பொருந்தும். நட்பு பேனாவுக்கு மை ஊற்றும். சில நேரம் அதற்கு மூடியும் போட்டுவிடும்.

பக்லியும் நண்பர்களும்

மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். பக்லி இங்கு வந்தது 1864இல். வணிக நிறுவனத்தில் தொடங்கி, பிறகு வழக்கறிஞரானார். ஜொகூர் அரச குடும்பத்துக்கு ஆலோசகராகவும் விளங்கினார். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு விருந்து நடத்தியவர் என்று அவரை முதியவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

1835இல் தொடங்கி 1869இல் நின்றுபோன ‘சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்’ பத்திரிகைக்கு 1884இல் மறுவாழ்வு தந்தவர்களில் முதன்மையானவர் பக்லி. வார இதழாக வந்த அது 1887இல் நாளேடானது. அதே ஆண்டில் வில்லியம் செயின்ட் கிளேர் அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். பள்ளி ஆசிரியராக இங்கு வந்த வால்டர் மேக்பீஸ் என்பவரும் அந்தப் பத்திரிகையில் சேர்ந்தார். 1916இல் செயின்ட் கிளேருக்குப் பின் அவரே ஆசிரியரானார்.

பழைய சிங்கப்பூரைப் பற்றி ஃப்ரீ பிரஸ்ஸில் எழுதிவந்த பக்லி, 1902இல் அவற்றை விரிவாக்கி இரண்டு பாகங்கள் கொண்ட நூலாக வெளியிட்டார். அந்தக் கால மனிதர்களின் கதைகளும் குணங்களும் சண்டைகளும் நிறைந்த நூல் அது. அதில் வரும் ரீட் என்ற வணிகர் ஒருவரைச் சொன்னால் போதும். 1843இல் ஃபேரர் பார்க் பந்தயத் திடலில் நடந்த முதல் குதிரைப் பந்தயத்தில் சிங்கப்பூர்க் கோப்பையை வென்றவர் அவர். இன்று லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறி சாப்பிடக் கூட்டம் திரளும் ரேஸ் கோர்ஸ் ரோடு, அந்தத் திடலால் பெயர் பெற்றது.

ஆனால், பக்லியின் நூல் 1867ஆம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அவருடைய கார் வந்ததோ 1896இல். ஊர் வரலாற்றை எழுதியவரின் ‘காபி மெஷின்’ அவர் நூலில் இல்லை! 1912இல் அவர் லண்டனில் காலமானார்.

அந்தக் குறையை நண்பர்கள் நிரப்பினார்கள். சிங்கப்பூரின் நூற்றாண்டை ஒட்டி 1921இல் இரண்டு பெரிய பாகங்களாக ஒரு வரலாற்று நூல் வந்தது. அதன் பதிப்பாசிரியர் மூவரில் ஒருவர், ஃப்ரீ பிரஸ்ஸில் பக்லியை அறிந்திருந்த அதே மேக்பீஸ். மற்ற இருவர் கில்பர்ட் புரூக், ரோலண்ட் பிராடல். பக்லியும், அவர் காலத்துக் கேளிக்கைகளும், சாலைக்கு வந்த முதல் கார்களும் அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது அந்த நூலின் வழியாகத்தான்.

எஸ்-1 காரும் ஹசனும்

சிங்கப்பூரில் முதன்முதலில் கார் ஓட்டிய பெண் என்று அறியப்படும் திருமதி டேர் அம்மையாரின் புகழும் இப்படித்தான் நிலைத்தது. எஸ்-1 என்ற பதிவெண் கொண்ட தம் காருக்கு அவர் ‘இச்சிபான்’ என்று பெயர் வைத்திருந்தார். ஜப்பானிய மொழியில் அதற்கு ‘முதலாவது’ என்று பொருள். மலாயா, ஜாவா, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று அந்தக் காரில் 69,000 மைல் சுற்றியவர் என்று கூறப்படுகிறது. கிராமத்து மக்கள் அந்த வண்டியைப் பேய்க்காற்று வண்டி என்றார்களாம்.

இந்தக் கதையில் இன்னொரு பெயரும் இருக்கிறது. ஹசன் பின் முகமது. டேர் அம்மையாரிடம் வேலை பார்த்தவர். அவரிடமே கார் ஓட்டக் கற்று, ஓட்டுநர் உரிமம் பெற்ற முதல் மலாய்க்காரர் என்று குறிப்பிடப்படுகிறார். செல்வந்தர்களின் கார்க் கதைகளுக்கு நடுவே ஒரு தொழிலாளியின் பெயர் முழுமையாகத் தப்பிப் பிழைத்திருப்பது அரிய செய்தி. ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பெயரை மறக்கவில்லை, கேட்டவர்கள் எழுதிவைத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவு’ எத்தனை பேருக்குக் கிடைத்தது?

சடக்கு போட்டவர்கள் எங்கே?

கார் ஓடுவதற்குச் சாலை வேண்டும். 1825 முதல் 1873 வரை வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் சாலைகளையும் பாலங்களையும் கட்டடங்களையும் அமைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் உழைப்பே. சாலையை அன்றைய தமிழர் ‘சடக்கு’ என்றார்கள். கிராஸ் ஸ்திரீட் அவர்களுக்குப் ‘பால்கடை சடக்கு’.

சிராங்கூன் சாலையின் ஓரத்தில் புல்லும் நீரும் கிடைத்ததால் மாட்டுத் தொழில் வளர்ந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூத வணிகர் அங்கு பெரிய அளவில் மாட்டு வியாபாரம் செய்தார். அவர் பெயரில் பெலிலியோஸ் ரோடு இருக்கிறது. எருமைகளின் பெயரில்கூட பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இருக்கின்றன. அந்த மாடுகளை மேய்த்தவர்கள், வண்டி பூட்டியவர்கள், பால் கறந்தவர்கள் எத்தனையோ தமிழர். பழைய ஆங்கில நூல்களில் இவர்கள் பெரும்பாலும் ‘வண்டிக்காரர்கள்’, ‘குதிரைக்காரர்கள்’ என்று கூட்டமாக வருகிறார்களே தவிர, ஹசனைப்போல் பெயரோடு வருவது அபூர்வம்.

அப்படியென்றால் தமிழில் பத்திரிகையே இல்லையா? இருந்தது. ஃப்ரீ பிரஸ் நாளேடான அதே 1887ஆம் ஆண்டில்தான் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். பெயரிலேயே நேசம் வைத்துப் பிறந்த இதழ் அது. உரையாடல் வடிவில் சமூகத்தைப் பேசவைத்த ‘விநோத சம்பாஷணை’ 1888இல் அதில்தான் வந்தது. ஆனால், 1890இல் இதழ் நின்றுவிட்டது. பக்லியின் கார் சாலைக்கு வந்தபோது, அதைப் பார்த்து மிரண்ட மாட்டின் கயிற்றைப் பிடித்திருந்த வண்டிக்காரர் என்ன நினைத்தார் என்று எழுத ‘சிங்கை நேசன்’ இல்லை.

ஃப்ரீ பிரஸ் ஒருமுறை இறந்தபோது அதை எழுப்பப் பக்லியும் நண்பர்களும் இருந்தார்கள். ‘சிங்கை நேசன்’ அப்படி எழுப்பப்படவில்லை. இரண்டு பத்திரிகைகளுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டில் திறமையைவிடப் பணபலமும் ஆள்பலமும் பெரியவை.

இனி எழுத வேண்டிய பக்கம்

1935இல் தமிழவேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். உழைக்கும் தமிழரின் குரல் அச்சில் நிலையாக ஏறத் தொடங்கிய காலம் அது. 1979இல் அரசாங்கம் வாய்மொழி வரலாற்றுப் பதிவைத் தொடங்கியது. எழுதத் தெரிந்த நண்பர் இல்லாதவரும் தம் கதையைத் தம் வாயாலேயே சொல்லலாம் என்ற நிலை வந்தது. 2009 முதல் பழைய செய்தித்தாள்களைத் தேசிய நூலக வாரியம் இணையத்தில் படிக்கத் தருகிறது.

கார்ப் பந்தயக் கதையும் இப்படித் திரும்பி வந்ததுதான். அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை நடந்த கிராண்ட் பிரீ பந்தயம், நின்றபின் மெல்ல மறக்கப்பட்டது. 2008இல் மரினா பே பகுதியில் இரவுப் பந்தயம் வந்தபோது, அதே ஆண்டில் எலை சாலமன் என்ற மோட்டார் வரலாற்றாசிரியர் பழைய பந்தயத்தின் வரலாற்றை நூலாக்கினார். அந்தச் சாலையின் ஆபத்தான வளைவுகளுக்கு ஓட்டிகள் வைத்த பெயர்களே நூலின் தலைப்பு: ‘பாம்புகளும் பேய்களும்’ என்று தமிழில் சொல்லலாம்.

பந்தயம் ஓட்டியவர்களுக்கு நூல் வந்துவிட்டது. துறைமுகத்தில் லாரி ஓட்டியவர், டிராக்‌ஷன் கம்பெனி பேருந்தில் டிக்கெட் கிழித்தவர், பட்டறையில் படுத்து கியர்பாக்ஸ் கழற்றியவர், தேக்கா சந்தைக்கு விடியற்காலையில் காய்கறி வேன் கொண்டுவந்தவர் ஆகியோரின் கதைகள் இன்னும் பல வீடுகளில் புகைப்பட ஆல்பத்துக்குள்ளும் பழைய உரிமப் புத்தகத்துக்குள்ளும் கிடக்கின்றன. அந்தத் தாத்தாக்களுக்குப் பத்திரிகை ஆசிரியர்கள் நண்பர்களாக இல்லாமல் போயிருக்கலாம். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

‘காபி மெஷின்’ எழுப்பிய சத்தம் இன்றும் தெரிகிறது. தாத்தாவின் முதல் லாரி என்ன சத்தம் போட்டது என்று இந்த வாரக் கடைசியில் அவரிடமே கேட்டு எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் ஒரு மணி நேரமும் போதும்.