தீக்கினா நீரிணையும் கோப்பகபானா வழியும்

தீக்கினா நீரிணை என்பது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில் உள்ள டிட்டிகாக்கா ஏரியின் இரு பகுதிகளை இணைக்கும் குறுகிய நீர்வழி ஆகும். பெருவும் பொலிவியாவும் பகிர்ந்துகொள்ளும் இவ்வேரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,810 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவே. ஆயினும் பொலிவியாவின் லா பாஸ் நகரிலிருந்து ஏரிக்கரை ஊரான கோப்பகபானாவுக்குச் செல்லும் பேருந்துகள் பல தலைமுறைகளாக இதனைத் தெப்பத்தில் ஏறியே கடந்து வந்துள்ளன.

அமைவிடம்

கோப்பகபானா ஒரு தீபகற்பத்தில் அமைந்துள்ளது. அத்தீபகற்பம் நிலத்தோடு சேரும் பகுதி பெருவின் எல்லைக்குள் இருக்கிறது. எனவே பொலிவியர்கள் அயல்நாட்டு மண்ணை மிதிக்காமல் அங்கு செல்ல நீரிணையைக் கடந்தாக வேண்டும்.

திருத்தலம்

இன்கா காலத்திலேயே இப்பகுதி புனிதமானதாகக் கருதப்பட்டது. இன்கா மரபின் முதல்வர் மாங்கோ கப்பாக் தோன்றியதாக நம்பப்படும் சூரியத் தீவு அருகில் உள்ளது. எசுப்பானியர் ஆட்சியில், பிரான்சிசுக்கோ தித்தோ யுப்பாங்கி என்னும் உள்நாட்டுச் சிற்பி செய்த மரியன்னையின் திருவுருவம் 1583 பெப்ரவரி 2 அன்று கோப்பகபானாவில் நிறுவப்பட்டது. இவ்வன்னை பின்னர் பொலிவியாவின் பாதுகாவலியாகப் போற்றப்பட்டார். பிரேசிலின் புகழ்பெற்ற கோப்பகபானா கடற்கரைக்கும் இவ்வன்னைக்கு அங்கு எழுப்பப்பட்ட சிற்றாலயத்தின் வழியாகவே பெயர் வந்தது.

நாணற்படகு முதல் நீராவிக் கப்பல் வரை

ஏரியின் தொன்மையான ஊர்தி தொத்தோரா நாணலால் கட்டப்பட்ட படகு ஆகும். பெரு அரசு 1861-இல் இங்கிலாந்தில் யாவரி, யாப்புரா என்னும் இரு இரும்புக் கப்பல்களைச் செய்யப் பணித்தது. அவை துண்டுகளாக அரிக்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டு, கோவேறு கழுதைகள் மீது மலையேற்றப்பட்டன. புனோவில் பொருத்தப்பட்ட யாவரி, 1870 டிசம்பர் 25 அன்றுதான் நீரில் இறங்கியது. நிலக்கரி கிடைக்காததால் உலர்ந்த லாமாச் சாணமே அதற்கு எரிபொருளாயிற்று. பின்னர் புனோவுக்கும் பொலிவியக் கரையிலுள்ள குவாக்கிக்கும் இருப்புப்பாதைகள் வந்தன. இரண்டு ஊர்களுக்கும் இடையே கப்பல்கள் பயணிகளை ஏற்றிச் சென்றன.

பேருந்தும் தெப்பமும்

சாலைப் போக்குவரத்து வளர்ந்தபோது தீக்கினாவே கோப்பகபானாவின் வாயிலாயிற்று. கிழக்குக் கரையிலுள்ள சான் பாப்லோவில் பயணிகள் இறங்கிச் சிறு படகில் மேற்குக் கரையின் சான் பெத்ரோவுக்குச் செல்வர். வெறும் பேருந்து, பொறி பூட்டிய தட்டையான மரத் தெப்பத்தில் அசைந்தாடியபடி தனியே வரும். 1879-இல் தொடங்கிய போரில் கடற்கரையை இழந்த பொலிவியாவின் கடற்படைக்கும் இங்கு ஒரு தளம் உள்ளது.

புனித வாரத்தில் லா பாசிலிருந்து நடந்தே வருவோரும் உண்டு. புதிய வாகனங்களைப் பூக்களால் அலங்கரித்துப் பேராலயத்தின் முன் நிறுத்தி மந்திரிப்பது இங்கு வழக்கம்.

பாலம் குறித்த கருத்து வேறுபாடு

நீரிணையின் குறுக்கே பாலம் கட்டும் திட்டம் பலமுறை முன்வைக்கப்பட்டது. காற்று வலுத்தால் தெப்பங்கள் ஓடா என்பதால் கோப்பகபானா மக்கள் பாலத்தைக் கோரினர். தெப்பக் கூலியையும் பயணிகளுக்கு விற்கும் உணவையும் நம்பி வாழும் தீக்கினா மக்கள் அதை எதிர்த்தனர். ஓர் ஊருக்குத் தடையாக உள்ள அதே நீரே மற்றோர் ஊருக்குப் பிழைப்பாக இருப்பதே இச்சிக்கலின் வேர் ஆகும்.