பாற்கடலும் ஒரு குவளைச் சுடுநீரும்

தை மாதத்துக் கண்டிக் காலைகளைப் பற்றி இங்கு வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் நகரம். விடியற்காலையில் குழாய்நீர் எலும்பைத் தொடும். எண்பதைக் கடந்த என் தாயாருக்காகவே வீட்டில் கீசர் பூட்டினோம். கடந்த தையில் ஒருநாள் அவர் குளிக்க மறுத்துவிட்டார். வாளியில் விழுந்த சுடுநீர் பால்போல் வெளுத்திருந்தது.

"தண்ணி கலங்கி வருது தம்பி. நான் தொடமாட்டேன்" என்றார்.

அழைத்துவந்த பைப் பாஸ் வாளியை எட்டிப் பார்த்த மாத்திரத்திலேயே, உள்ளே தாங்கி துருப்பிடித்துவிட்டது, புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார். ஒரு தரப்பின் சொல்லை மட்டும் வைத்துச் செய்தி எழுதும் பழக்கம் எனக்கில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

அம்பிட்டிய வீதியால் இறங்கினால் கண்டி வாவி. அதன் சிங்களப் பெயர் 'கிரி முஹுத', தமிழில் பாற்கடல். மதுரை நாயக்கர் வழிவந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வயல்வெளியாகக் கிடந்த பள்ளத்தை மறித்து 1807ஆம் ஆண்டளவில் இதை அமைக்கத் தொடங்கினான். கரையில் அவன் எழுப்பிய மதிலின் பெயர் 'வலாகுளு பம்ம', அதாவது மேக மதில். 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனதால் அது வாவியை முழுதாகச் சுற்றி வரவேயில்லை. அரசியர் நீராடிய மண்டபம் இன்றும் வாவியோரத்தில் நிற்கிறது. பாலும் மேகமும் அரசனுக்கு அழகாகத் தோன்றின. எங்கள் குளியலறையில் அவையே அச்சமாயின.

வாவி தோண்டப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1803இல், கண்டியைப் பிடித்த ஆங்கிலப் படை இங்கே அழிந்துபோனது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி என்ற வேதியியலாளர் தமது ஆய்வொன்றை வெளியிட்டார். அழுத்தம் கூடக்கூட நீரில் கரையும் வாயுவின் அளவும் அதே விகிதத்தில் கூடும் என்பது அவர் கண்ட விதி. சோடாப் போத்தலின் மூடியைத் திறக்கும்போது நாம் காண்பது அதைத்தான்.

கீசருக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. குளிர்நீர் காற்றைத் தன்னுள் கரைத்துக்கொண்டு வருகிறது. 20 பாகையில் நீர் தாங்கும் ஒட்சிசனில் பாதியளவையே 60 பாகையில் அதனால் தாங்க முடியும். ஆயினும் மூடிய தாங்கியில் அழுத்தம் இருப்பதால் அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் நீரிலேயே தங்கிவிடுகிறது. குழாயைத் திறந்ததும் அழுத்தம் விழுகிறது. எண்ணற்ற நுண்குமிழிகள் ஒருங்கே பிறக்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் நீர் வெண்மையாகத் தெரிகிறது. அதற்கு முந்தின நாள் எங்கள் பகுதியில் நீர்வெட்டு இருந்தது. மீண்டும் நீர் வந்தபோது குழாய்களுக்குள் புகுந்திருந்த காற்றும் சேர்ந்தே வந்திருக்கும்.

சோதிக்க ஒரு கண்ணாடிக் குவளை போதும். முதலில் குளிர்நீர்க் குழாயைத் திறந்து பிடித்துப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. அதுவும் கலங்கியிருந்தால் கீசரைக் குற்றஞ்சாட்டுவதில் பொருளில்லை. பின்னர் சுடுநீரைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்தேன். குவளையின் அடியிலிருந்து தெளிவு மேல்நோக்கி ஏறியது. இரண்டு நிமிடத்தில் வெண்மை மறைந்தது. அப்படியானால் அது காற்று. மாறாக, வெண்துகள்கள் அடியில் படிந்தால் தாங்கியில் சுண்ணாம்புப் படிவு சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். மின் ஆளியை நிறுத்தி, நீர் ஆறியபின் தாங்கியை வடித்துக் கழுவ வேண்டும். சுண்ணக்கல் நிலத்தில் கிணறு தோண்டும் யாழ்ப்பாணத்து உறவினர்களுக்கு இந்தப் படிவு கேத்தலிலேயே பழக்கம். மகாவலி நீரைக் குடிக்கும் எமக்கு அது குறைவு. செம்மண் நிறமானால் துரு. அழுகிய முட்டை மணம் வந்தால், துருவைத் தடுக்கத் தாங்கிக்குள் வைத்திருக்கும் மக்னீசியக் கோலையும் பக்டீரியாவையும் சந்தேகிக்கலாம். நெடுநேரம் வைத்தும் தெளியாத நீரைச் சோதனைக்கு அனுப்புவதே முறை.

இவ்வளவையும் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், இறங்கவில்லை. அவர் அஞ்சியதற்கு வேறொரு வரலாறு உண்டு.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதையில் காடுகளூடாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். வழியில் கிடைத்த குளத்து நீரைக் குடித்துக் கொலராவில் மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அன்று அதன் காரணம் எவருக்கும் சரியாகத் தெரியாது. 1854இல் இலண்டனில் ஜோன் ஸ்நோ என்ற மருத்துவர் ஒரு தெருப் பம்பிலிருந்து அந்நோய் பரவியதைக் காட்டினார். அந்தப் பம்பின் நீர் தெளிவானது, சுவையானது என்று பெயர்பெற்றிருந்தது. தொலைவில் குடிபோன ஒரு மூதாட்டி அதன் சுவைக்காகவே தினமும் போத்தலில் வரவழைத்துக் குடித்து இறந்துபோனார்.

கண்டியில் மாநகர சபை 1865இல் அமைந்தது. ஒருகாலத்தில் தோட்டமாக இருந்த தூனுமடலாவைக் காடு நகரின் நீர்த்தேக்கங்களுக்காகக் காக்கப்பட்டது. பின்னர் கெட்டம்பேயில் மகாவலி நீரைச் சுத்திகரித்தார்கள். 1975இலிருந்து தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை வந்தது. தோட்டத்து லயங்களுக்கு இவற்றில் எதுவும் எளிதில் எட்டவில்லை. பலருக்குப் பீலிக்கரைதான் கதி.

என் மூத்த அண்ணனை நான் பார்த்ததில்லை. இரண்டு வயதில் வயிற்றோட்டத்தில் போய்விட்டான். அடைமழை நாளில் மேலேயிருந்து வந்த கலங்கல் நீரைக் குடித்ததனால்தான் என்று அம்மா அறுபது ஆண்டுகளாக நம்பியிருந்தார். அன்று அவசரத்தில் அதைக் கொடுத்தது தாம்தான் என்பதையும் அவர் மறக்கவில்லை.

நான் ஜன்னலோரத்தில் குவளையை வைத்தேன். அவர் கண் எடுக்காமல் பார்த்திருந்தார். தெளிந்து முடிந்தபின் கேட்டார்:

"அப்ப கலங்கினதெல்லாம் கெட்டதில்லையா? அந்தப் புள்ள, மழைக்கு முந்தியே நல்ல தண்ணியக் குடிச்சித்தான் செத்திருக்குமோ?"

இருக்கலாம் அம்மா என்றேன். நோய்க்கிருமியைக் கண் காணாது என்றும், மழைக்கு முன் தெளிந்து விழுந்த நீரிலும் அது இருந்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

கீசரை மாற்றவில்லை. இரண்டு நாளில் வெண்மை குறைந்துபோனது. அம்மா இப்போது சுடுநீரில்தான் குளிக்கிறார். ஆனால் முதல் குவளையைப் பிடித்து ஜன்னலில் வைத்து, அது தெளியும்வரை துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்கிறார். குடிப்பதற்கு மட்டும், தெளிந்த நீரானாலும், கொதிக்கவைத்து ஆற்றியதையே கேட்கிறார்.