விலாவில் கட்டி தட்டுப்பட்டால்

நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். இடது விலாவில் தட்டுப்பட்ட கட்டியை மனைவிக்குக்கூடச் சொல்லாமல் நாலு மாதம் வைத்திருந்தவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். இரவில் தடவிப் பார்ப்பதும் காலையில் வேலைக்கு ஓடுவதுமாக அந்த மாதங்கள் போயின.

விலாப் பக்கம் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தற்றவை. மிகச் சாதாரணமானது கொழுப்புக் கட்டி. மெத்தென்றிருக்கும், விரலால் தள்ளினால் நழுவும், அநேகமாக நோகாது. தோலோடு ஒட்டி, நடுவே கறுப்புப் புள்ளியுடன் இருக்கும் கட்டியும் பயப்பட வேண்டியதல்ல. ஆனால் நசுக்காதீர்கள், சீழ் பிடிக்கும். நெஞ்செலும்பின் கீழ்நுனி சிலருக்கு முன்தள்ளி நிற்கும். உடல் மெலிந்தபின் அது கையில் தட்டுப்பட, கட்டியென்று பயந்தவர்கள் உண்டு. மேல்விலா நெஞ்செலும்போடு சேரும் இடம் வீங்கி நோவதற்கு டீட்ஸே நோய் என்று பெயர். 1921இல் அதை விவரித்த ஜெர்மன் வைத்தியரின் பெயர் அது.

எம்மவர்கள் மறக்கக் கூடாதவை வேறு இரண்டு. முறிந்து தானாகப் பொருந்திய விலா எலும்பு, அந்த இடத்தில் கடினமான முடிச்சாக நின்றுவிடும். மற்றது, உடலில் தங்கிவிட்ட செல் துண்டு. பல வருடம் சும்மா கிடந்துவிட்டு, அதைச் சுற்றித் தசை தடிக்கலாம், சீழும் கட்டலாம். அப்படியானவர் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் போனால், அதன் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். எனவே செல் காயம் பட்டதை முன்கூட்டியே சொல்லுங்கள். முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள். மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப் போய், பிள்ளைக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்ல மனம் வராமல் மறைத்துவிடுகிறோம். வைத்தியசாலையிலேயே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள்.

5 செ.மீ.க்கு மேல் பெரிதானது, வாரத்துக்கு வாரம் வளர்வது, கல்லுப்போல இறுகி அசையாதது, இவற்றைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். காரணமில்லாமல் உடல் மெலிவு, இரவில் வியர்வை, நாட்பட்ட இருமல் சேர்ந்தால் இன்னும் விரைவாக. சூடும் சிவப்பும் இல்லாமல் மெல்ல வீங்குவது விலா எலும்பில் வரும் காசநோயாகவும் இருக்கலாம். மார்பகத்துக்குக் கிட்ட என்றால் ஆண்களும் வெட்கப்படாமல் காட்டுங்கள். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும்.

என்னுடையது பழைய முறிவு. எக்ஸ்றேயைப் பார்த்த வைத்தியர், எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார். மகள் அதைத் தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

விழவில்லை என்றேன்.