தொலைபேசி நேர்காணல் (பண்புசார் நலவாழ்வு ஆய்வு)

நோய், சிகிச்சை, பராமரிப்பு குறித்த ஒருவரின் அனுபவத்தை நேரில் சந்திக்காமல் குரல்வழி கேட்டுத் திரட்டும் ஆய்வுமுறை தொலைபேசி நேர்காணல் ஆகும். எத்தனை பேருக்கு நோய் என்பதன்று, நோயோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதே இதன் கேள்வி. பேச்சை ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கி, கருப்பொருள் வாரியாகப் பகுத்தாய்வர்.

வரலாறு

ஆய்வுலகம் தொலைபேசியை ஐயத்தோடு பார்க்கத் தொடங்கியதற்கு 1936ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலைக் காட்டுவது வழக்கம். 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் தொலைபேசி விவரத்திரட்டு, மோட்டார் வாகனப் பதிவேடு போன்றவற்றிலிருந்து முகவரி எடுத்து ஏறத்தாழ 1 கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. திரும்பி வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றன. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூசவெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசி அன்று வசதி படைத்தோர் வீட்டுப் பொருள். சீட்டைத் திருப்பி அனுப்பாதவர்களின் மௌனமும் கணிப்பு பொய்த்ததற்குக் காரணம் எனப் பிற்கால ஆய்வு காட்டியது. ஆயினும் பழி தொலைபேசிமேல் நின்றுவிட்டது. இத்தனைக்கும் அது அஞ்சல்வழிக் கணிப்பு. அதற்காக யாரையும் அழைத்துப் பேசவில்லை.

நலவாழ்வு ஆய்வுக்கு நெருக்கமான தொடக்கம் லாஸ் ஏஞ்சலிஸ் தற்கொலைத் தடுப்பு மையத்தில் இருக்கிறது. 1963–64இல் சமூகவியலர் ஹார்வி சாக்ஸ் அம்மையத்துக்கு வந்த அழைப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். எடுப்பவர் தம் பெயரைச் சொன்னால் அழைப்பவரும் பெயர் சொல்வது இயல்பாக நிகழ்ந்தது. பெயரை மறைக்க விரும்பிய ஒருவர், குரல் சரியாகக் கேட்கவில்லை என்றார். அதற்கு விடை கூறுவதிலேயே பெயர் சொல்லவேண்டிய இடம் கடந்துபோனது. இத்தகைய நுணுக்கங்களிலிருந்தே உரையாடல் பகுப்பாய்வு என்னும் துறை வளர்ந்தது. அவருடைய தோழர் இமானுவேல் ஷெக்லாஃப், தொலைபேசிப் பேச்சின் தொடக்கங்களைப் பற்றி 1968இல் கட்டுரை வெளியிட்டார். முகம் தெரியாப் பேச்சில் பொருள் குறைவு என்போர் இவ்விரு பணிகளையும் மறந்துவிடுகின்றனர்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தொலைபேசி வந்துவிட்டது. குரோவ்ஸும் கானும் 1979இல் தொலைபேசிக் கணக்கெடுப்பு குறித்து நூல் எழுதினர். 1984இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் உடல்நலப் பழக்கங்கள் பற்றிய தொலைபேசிக் கணக்கெடுப்பை 15 மாநிலங்களில் தொடங்கியது. இவை எண்சார் ஆய்வுகள். பண்புசார் ஆய்வாளர்கள் அதற்குப் பின்னும் நேர்முகத்தையே உயர்வாகக் கருதினர்.

வகைகள்

கேள்வியின் இறுக்கத்தைக் கொண்டு மூவகை சொல்லப்படும்: கட்டமைத்தது, பகுதி கட்டமைத்தது, கதைகூறல். முதல்வகை உண்மையில் கணக்கெடுப்பே. பண்புசார் ஆய்வில் சேர்ப்பது பொருந்தாது. இரண்டாவதில் தலைப்புப் பட்டியல் கையில் இருக்கும், வரிசை பேச்சின் போக்கில் மாறும். நலவாழ்வு ஆய்வில் மிகுதியும் இதுவே. மூன்றாவதில் ஒரே கேள்வி கேட்டுவிட்டு ஆய்வாளர் ஒதுங்கிக்கொள்வார். ஒரே நோயாளியைச் சிகிச்சைக் காலத்தில் பலமுறை அழைக்கும் தொடர் நேர்காணலைத் தனிவகையாகக் கொள்வதும் உண்டு.

தரம் பற்றிய விவாதம்

ஸ்டர்ஜஸும் ஹன்ரஹனும் 2004இல், சிறைக்குப் பார்க்கவருவோர், சிறை அலுவலர் ஆகியோரின் நேர்காணல்களை ஒப்பிட்டு, நேரிலும் தொலைபேசியிலும் கிடைத்த செய்திகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்றனர். களம் சிறையே எனினும் நலவாழ்வு ஆய்வாளர்கள் இதையே பெரிதும் எடுத்துக்காட்டுகின்றனர். செவிலியர் ஆய்வுக் கட்டுரைகளை அலசிய ஜீனா நோவிக், தொலைபேசியில் தரவு இழக்கப்படுகிறது என்னும் கருத்துக்குச் சான்று சொற்பமே என 2008இல் காட்டினார். தொலைபேசியில் பங்கேற்பவர் பேசும் நேரம் குறைகிறது என்று ஆனி இர்வின் 2011இல் கண்டார். பேச்சின் நீளம் ஆழத்துக்கு அளவாகாது என்பதால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

நடைமுறை

தலையசைப்பு தெரியாது, ஆகவே "ம்", "சரிங்க" என்று குரலால் காட்டவேண்டும். நேரில் சிந்திக்க இடம்தரும் மௌனம், தொலைபேசியில் "லைன்ல இருக்கீங்களா?" என்ற கேள்வியைக் கொண்டுவந்துவிடும். எச்.ஐ.வி., மனநோய் போன்றவற்றை முகம் மறைந்திருக்கும்போது எளிதாகப் பேசுவோர் பலர். காது மந்தமான முதியோருக்கு இம்முறை ஒத்துவராது. ஒப்புதலை வாய்மொழியாகப் பெற்றுப் பதிவு செய்வர்.

கைபேசி யாருடையது என்பது இந்தியாவில் முக்கியம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உடைய பெண்கள் 54 விழுக்காட்டினர் மட்டுமே. கணவரின் கைபேசியில் ஸ்பீக்கர் போட்டுப் பேசும் பெண்ணிடம் வீட்டு வன்முறை பற்றிக் கேட்பது அவரையே ஆபத்தில் தள்ளும். தனியாக இருக்கிறாரா என்று ஆம், இல்லை எனப் பதில் வரும்படி முதலில் கேட்டுவிடுவது நல்லது.

2020இல் கோவிட் ஊரடங்கு வந்தபின் இம்முறை பரவலாயிற்று. காணொலி அழைப்பும் சேர்ந்துகொண்டது.