சர்க்கரையும் கையாட்டமும்



சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கும், காலில் புண் வைக்கும் என்பது பெரம்பலூர், அரியலூர் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அது கை காலைத் தானாக ஆட வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

மருத்துவ உலகமும் அதைத் தாமதமாகவே கண்டுகொண்டது. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லியில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். ஏறிய சர்க்கரைக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பை பெட்வெல் என்ற மருத்துவர் எழுதியது 1960இல்தான்.

உடல் அசைவைக் கட்டுக்குள் வைக்கும் நரம்பு முடிச்சுகள் மூளையின் ஆழத்தில் இருக்கின்றன. சர்க்கரை மிக அதிகமானால் அவை தடுமாறும். வலப்பக்க மூளை பாதித்தால் இடது கையும் காலும் வீசி வீசி ஆடும். பெரும்பாலும் முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு வருகிறது. சிலருக்குச் சர்க்கரை இருப்பதே இதனால்தான் தெரியவரும்.

காத்துக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போனால் நாள்தான் வீணாகும். பக்கவாதத்திலும் இப்படி ஆடலாம். எதுவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; முதலில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பலருக்குச் சில நாட்களில், சில வாரங்களில் ஆட்டம் அடங்கிவிடுகிறது.

அந்த முதல் ஊசிக்கு நூறு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 2022 ஜனவரி 12இல், அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவம் நம் வாசலுக்கே வந்துவிட்டது. வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போவது நம் பொறுப்பு.