புல்மோட்டைக் கறுப்பு மணல்: அறுபது வருடக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

திருகோணமலை மாவட்டத்தின் வரலாறு என்றால் நாம் எல்லோரும் முதலில் சொல்வது துறைமுகத்தைத்தான். கோணேசர் கோயில், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரட்றிக் கோட்டை, 1942 இல் ஜப்பானியர் போட்ட குண்டு, எண்ணெய்த் தாங்கிகள். பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் நகரத்தில் இருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போனால் இன்னொரு வரலாறு கடற்கரையிலேயே கொட்டிக் கிடக்கிறது. அது புல்மோட்டையின் கறுப்பு மணல். எமது மாவட்டத்துக் கைத்தொழில் வரலாற்றில் பெரிய பங்கு அதற்கு உண்டு. அதைப் பற்றி எமது பிள்ளைகளுக்குத் தெரிந்ததோ "இல்மனைட்" என்ற ஒரு சொல் மட்டும்.

முதலில் இந்த மணல் என்ன என்று பார்ப்போம்.

இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகள் மிகப் பழையவை. மழையும் வெயிலும் அவற்றை அரிக்க, ஆறுகள் அந்தத் துகள்களைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. கடலலை கரையில் மணலை எறிந்துவிட்டுத் திரும்பும்போது இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகும். பாரமானது கரையில் தங்கும். சாதாரண மணலை விட இல்மனைட் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பாரம். சுளகில் அரிசியைப் புடைத்துப் பதரைப் பிரிக்கும் அதே வேலையைத்தான் வாடைக்காற்றுக் காலத்து அலைகள் இலட்சக்கணக்கான வருடங்களாகச் செய்து வந்திருக்கின்றன.

உலகில் பல இடங்களில் நூற்றுக்குச் சில வீதம் கனியம் இருந்தாலே அந்த மணலை அள்ளுவார்கள். புல்மோட்டையில் சுமார் ஏழு கிலோமீற்றர் நீளக் கரையில் இல்மனைட் மட்டுமே 70 வீதத்துக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. அத்துடன் சேர்கோன் 8 முதல் 10 வீதம், ரூடைல் 8 வீதம் அளவில், கொஞ்சம் சிலிமனைட், கொஞ்சம் கார்னட், மிகச் சிறிதளவு மொனசைட். உலகிலேயே செறிவு கூடிய கனிய மணல் படிவுகளில் ஒன்றாக இதைப் புவியியலாளர்கள் எண்ணுவதற்குக் காரணம் இதுதான்.

இது எதற்குப் பயன்படுகிறது? இல்மனைட்டிலும் ரூடைலிலும் இருப்பது தைத்தேனியம். அதிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுதான் இன்று உலகின் வெள்ளை நிறம். சுவருக்குப் பூசும் பெயின்ட், பிளாஸ்டிக் வாளி, கடதாசி, பற்பசை, மருந்துக் குளிசையின் மேற்பூச்சு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. முன்பு வெள்ளைப் பெயின்டுக்கு ஈயம் போட்டார்கள், அது நஞ்சு. அந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. ஆகக் கறுப்பான மணலில் இருந்துதான் ஆக வெள்ளையான நிறம் வருகிறது. சேர்கோன், குளியலறை ஓட்டின் வெண்மைக்கும் உலோகம் உருக்கும் வார்ப்பு வேலைக்கும் போகிறது.

சேர்கோன் விடயத்தில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. பாரசீக மொழியில் "பொன்னிறம்" என்று பொருள்படும் "சர்கூன்" என்ற சொல் அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய்த்தான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். 1789 இல் ஜெர்மன் இரசாயனவியலாளர் கிளப்ரோத் சேர்கோனியம் என்ற மூலகத்தைக் கண்டறிந்தது இலங்கையில் இருந்து போன ஒரு சேர்கோன் கல்லில்தான். ஆவர்த்தன அட்டவணையில் 40 ஆம் இடத்தைப் படிக்கும் எமது மாணவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொருவரையும் மறக்கக்கூடாது. ஆனந்த குமாரசுவாமி என்றால் கலை வரலாறு, நடராஜர் என்றுதான் நினைப்போம். அவர் முதலில் ஒரு புவியியலாளர். 1903 இல் இலங்கைக் கனியவியல் அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக வந்தவர் அவர்தான். 1904 இல் தோரியனைட் என்ற கனியத்தை அடையாளம் கண்டார். தோரியத்துக்கு அன்று உலகச் சந்தையில் நல்ல மதிப்பு. பழைய கலியாண வீடுகளில் எரிந்த பெற்றோல்மக்ஸ் விளக்கை நினைத்துப் பாருங்கள். அதன் வலையை வெள்ளையாக ஒளிர வைத்தது தோரியம். கேரளத்துக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து ஷொம்பேர்க் என்ற ஜெர்மானியர் 1909 இல் திருவிதாங்கூர்க் கரையில் மொனசைட்டைக் கண்டுபிடித்த கதையும் இந்த விளக்கு வலையின் கதைதான். வெள்ளைக்காரனின் கண் கடற்கரை மணல் மீது விழுந்தது இப்படித்தான்.

இனி எமது ஊருக்கு வருவோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, பண்டாரநாயக்க அரசாங்கம் 1957 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்க அரச கைத்தொழில் கூட்டுத்தாபனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் பிறந்ததும் அந்த ஆண்டுதான். காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனை கடதாசி ஆலை என்று வடக்குக் கிழக்கில் அரச தொழிற்சாலைகள் எழுந்த காலம் அது. 1960களின் தொடக்கத்தில் புல்மோட்டையில் இல்மனைட் பிரிக்கும் வேலை தொடங்கியது. மிஞ்சும் மணலில் இருந்து ரூடைலும் சேர்கோனும் எடுக்க 1960களின் பிற்பகுதியில் சீனக்குடாவில் ஓர் ஆலை இயங்கியது. 1970களில் அந்த வேலையும் புல்மோட்டைக்கே வந்தது.

பிரிக்கும் முறை எளிமையான பௌதிகம். முதலில் நன்னீரில் கழுவி உப்பையும் இலேசான மணலையும் போக்குவார்கள். காயவைத்த பின் காந்தம். இல்மனைட் காந்தத்தில் ஒட்டும், மற்றவை விழும். மிஞ்சியதை உயர் மின்னழுத்தத்தில் விட்டால் ரூடைல் மின்னைக் கடத்தும், சேர்கோன் கடத்தாது. இரண்டும் வேறு வேறு பக்கம் போகும். ஒரு கடதாசியில் இந்த மணலைப் பரப்பி அடியில் காந்தத்தை நகர்த்திக் காட்டினால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். எமது மாவட்டத்துப் பாடசாலைகளின் விஞ்ஞான அறைக்கு இதைவிட மலிவான பரிசோதனைப் பொருள் கிடையாது.

ஒரு தொழிற்சாலை ஒரு கிராமத்துக்குள் வந்தால் என்ன நடக்கும்? அதுவரை புல்மோட்டை மக்களின் நாளைத் தீர்மானித்தது கடலும் மழையும். வாடைக்காலத்தில் தோணி இறங்காது, வெள்ளாமை மழையைப் பார்த்திருக்கும். தொழிற்சாலை வந்ததும் மாதச் சம்பளம், சேமலாப நிதி, மேலதிக நேரக் கொடுப்பனவு என்ற சொற்கள் வீடுகளுக்குள் வந்தன. பிற்றர், வெல்டர், மின்னியலாளர், லொறிச் சாரதி என்று புதிய தொழில்கள் வந்தன. வெளியூர்ச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள். கூட்டுத்தாபனத்தில் வேலை என்பது ஒரு குடும்பத்தின் கடன் தகுதியையே மாற்றியது. இன்று பட்டதாரிகளாக இருக்கும் சிலரின் படிப்புச் செலவு அந்த மணலில் இருந்து வந்தது. இதை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் மணல் போன வேகத்துக்குப் பாதை வரவில்லை. இறக்கக்கண்டியிலும் யான் ஓயாவிலும் பாலம் வரும்வரை எமது மக்கள் பாதையில் ஏறித்தான் களப்பையும் ஆற்றையும் கடந்தார்கள். (கிழக்குக்கு வெளியே உள்ள நண்பர்களுக்கு: "பாதை" என்றால் வாகனமும் ஆளும் ஏறும் மிதவை.) தைத்தேனியம் ஜப்பானுக்குக் கப்பலில் போன காலத்தில், பிரசவ வலி கண்ட தாய் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதைக்காகக் கரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு யுத்தம். புல்மோட்டையில் ஆழ்துறைமுகம் இல்லை. கப்பல் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்க, மணல் படகுகளில் போய் ஏறும். கடல் அடங்கிய மாதங்களில் மட்டுமே அது நடக்கும். அப்படி நின்ற கப்பல்கள் இலக்காகின. 1996 ஓகஸ்டில் "பிரின்சஸ் வேவ்" என்ற கப்பல் தாக்கப்பட்டது. 1997 செப்டெம்பர் 9 இல் "கோடியாலிட்டி" என்ற கப்பலை விடுதலைப் புலிகள் தாக்கினர்; சீன மாலுமிகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதன் பின் எந்தக் கப்பல் கம்பனி துணிந்து வரும்? ஏற்றுமதி முடங்கியது. பரந்தனும் காங்கேசன்துறையும் யுத்தத்தில் நின்றே போயின. புல்மோட்டை மட்டும் நின்றும் நடந்தும் உயிரோடு இருந்தது. 1992 இல் கூட்டுத்தாபனம் லங்கா மினரல் சேன்ட்ஸ் என்ற அரச கம்பனியாக மாறியது. 2004 சுனாமி அந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. 2009 க்குப் பிறகுதான் அச்சமின்றிக் கப்பல் வந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம்.

அறுபது வருடத்துக்கு மேலாக நாம் விற்பது பெரும்பாலும் பிரித்தெடுத்த மணலைத்தான். அதிலிருந்து வெள்ளை நிறமி செய்யும் ஆலை இந்த நாட்டில் இல்லை. புல்மோட்டை இல்மனைட்டில் பாதிக்குச் சற்று மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. எனவே ஏறத்தாழ இரண்டு டொன் மணலில் ஒரு டொன் நிறமி எடுக்கலாம். மணல் டொன் சில நூறு டொலருக்குப் போகிறது. நிறமியின் விலை அதைப்போல் பல மடங்கு. நாம் மணலை விற்றுவிட்டுப் பெயின்டுக்கான நிறமியை வெளிநாட்டில் இருந்து வாங்குகிறோம். எமது ஊர் வன்பொருள் கடையில் பெயின்ட் வாளி வாங்குபவன் தன் கரை மணலையே திரும்ப விலை கொடுத்து வாங்குகிறானோ என்னவோ!

"அப்படியானால் இங்கேயே ஆலை போடுவோம்" என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு பேச்சு வரும். நல்ல பேச்சுத்தான். ஆனால் திருவிதாங்கூரைப் பார்க்க வேண்டும். அங்கே 1946 இலேயே தைத்தேனியம் கம்பனி தொடங்கினார்கள். நிறமி வந்தது, தொழில் வந்தது. கூடவே அமிலக் கழிவும் வேளிக் கடற்கரையில் கலந்தது. கந்தக அமில முறையில் ஒரு டொன் நிறமிக்குப் பல டொன் கழிவு வரும். கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டில் மணல் அள்ளி அள்ளிக் கரை ஒடுங்கிவிட்டது என்று 2018, 2019 இல் மக்கள் தொடர்ந்து போராடினார்கள். தமிழ்நாட்டில் 2013 இல் கடற்கரைக் கனிய மணல் அகழ்வை அரசே நிறுத்தியது. ஆகவே ஆலை வேண்டும் என்று கேட்கிறவர்கள், அதன் கழிவு எந்தக் களப்புக்குப் போகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடிக்கும் குடும்பத்திடம் முதலில் கேட்க வேண்டும்.

இது பழைய கதை அல்ல. கறுப்பு மணலைத் தேடும் கண் இப்போது வடக்கே கொக்கிளாய்க்கும், தெற்கே வெருகல், கதிரவெளி, வாகரைப் பக்கமும் திரும்பியிருக்கிறது. மகாவலியும் வெருகலாறும் கொண்டுவந்து கொட்டிய கரை அது. இலங்கைத்துறை முகத்துவாரத்தில் வலை காயப்போடும் மீனவனுக்குப் புல்மோட்டையின் அனுபவம் தேவை. மணல் அள்ளிய இடத்தில் கரைவலை இழுக்க முடியுமா, கிணற்றுத் தண்ணீர் எப்படி, அள்ளிய குழியை யார் நிரப்புவது, எத்தனை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்கு நாட்கூலி? இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லக்கூடிய மனிதர்கள் எமது மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அறுபது வருடம் அந்த மணலோடு வாழ்ந்தவர்கள் அவர்கள்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியப் பொருட்கள் சட்டத்தின்படி நிலத்தடிக் கனியம் அரசுக்கு உரியது; அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். உரிமக் கட்டணமும் இலாபமும் கொழும்புக்குப் போகும். நிலம் குழியாவது குச்சவெளியில். இந்த வருமானத்தில் ஒரு பங்கு அந்தப் பிரதேசத்தின் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது பிரதேசவாதம் ஆகாது. இனம் பார்த்தும் கேட்கத் தேவையில்லை. புல்மோட்டை முஸ்லிமுக்கும் கொக்கிளாய், வெருகல் தமிழருக்கும் அங்கே குடியிருக்கும் சிங்களவருக்கும் ஒரே கரைதான்.

ஆசிரியர்களாக எம்மால் ஆனது ஒன்று உண்டு. தொழிற்சாலையின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்தக் காலத்துச் சம்பளம், விபத்துகள், கப்பல் ஏற்றிய விதம், யுத்தத்தில் வேலைக்குப் போன வழி எல்லாம் போய்விடும். கூட்டுத்தாபனத்தின் ஆண்டறிக்கையில் டொன் கணக்கு இருக்கும்; இவை இருக்காது. உயர்தர மாணவர்களின் செயற்திட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு எது? வரலாற்று மாணவன் வாப்பாவின் வாப்பாவிடம் கேட்டு எழுதட்டும், இரசாயன மாணவி மணலைப் பிரித்துப் பார்க்கட்டும், புவியியல் மாணவன் கரையின் அகலத்தை வருடாவருடம் அளக்கட்டும். பத்து வருட அளவு கையில் இருந்தால், நாளை யாராவது "கரை தேயவில்லை" என்று சொல்லும்போது பிள்ளைகள் கொப்பியைத் திறந்து காட்டலாம்.

உங்கள் வீட்டில் கூட்டுத்தாபனத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். பெயர், வருடம், பார்த்த வேலை, இந்த மூன்று இருந்தாலே போதும். மிச்சத்தை நாம் சேர்ந்து எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.