கண் சிகிச்சை முகாம் (திருநெல்வேலி, தென்காசி வட்டாரம்)

அரசு, தொண்டு மருத்துவமனை, உள்ளூர்ச் சங்கங்கள் மூன்றும் சேர்ந்து, பணம் வாங்காமல் கண்புரையைக் கண்டறிந்து அறுவை செய்துதரும் ஏற்பாடு. மதுரையில் அரசு மருத்துவராக இருந்த கோ. வெங்கடசாமி, ஓய்வுக்குப் பின் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. அரவிந்தின் திருநெல்வேலிக் கிளை 1988இல் திறக்கப்பட்டது. தென்காசி வட்டாரத்தின் குத்துக்கல்வலசை, குற்றாலம் முதலிய ஊர்கள் 2019இல் தென்காசி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை.

லயன்ஸ், ரோட்டரி போன்ற சங்கங்கள் இடம் பிடித்து, நோட்டீஸ் அடித்து, ஆள் திரட்டும். மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும். அறுவைக்கு அரசு மானியம் உண்டு. கட்டணம் செலுத்தும் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாய் மீதிச் செலவை ஈடுகட்டும். முன்பு பள்ளிக்கூடங்களிலேயே அறுவை நடந்தது. கிருமித்தொற்று அச்சத்தால் அது மருத்துவமனைக்கு மாறியது. அப்போதுதான் உண்மையான தடை தெரிந்தது: சிகிச்சை இலவசமானாலும் பஸ் செலவும் சாப்பாடும் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் முதியவர்களை வீட்டிலேயே நிறுத்தின. எனவே முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச்சென்று, உணவும் தங்குமிடமும் தந்து திருப்பி அனுப்பும் முறை ஏற்பட்டது. அறுவைச் செலவும் குறைந்தது: 1992இல் தொடங்கிய அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், கண்புரை அறுவையில் பொருத்தும் உள்விழி லென்ஸை இறக்குமதி விலையில் சிறு பங்குக்கே தயாரித்தது.